பதினோரு கல்

இது கதை இல்லை. என் கையாலேயே நடந்தது, அதுவும் பட்டப்பகலில். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் வீட்டுக் கல்தரையில் கறை எடுக்கிறேன். எண்ணெய், துரு, பாசி, பெயின்ட், எல்லாம் பார்த்தாயிற்று. கறையைப் பார்த்துப் பயந்தது அந்த ஒரு நாள்தான்.

அன்றைக்கு அது எனக்கு இரண்டாவது வீடு. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. புதிதாகக் குடிவந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு பின்கதவைத் திறந்துவிட்டாள். கதவிலிருந்து மதில்வரை கல் பாவிய முற்றம், நீளவாக்கில் பதினோரு கல். மதிலோரக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த கறை.

“பையன் தவழ ஆரம்பிச்சுட்டான் அண்ணா. இங்கதான் விளையாட விடணும். அது மட்டும் போயிடணும்.”

“போயிடும்மா.”

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கதவருகே தொடங்கி, வடிகால் பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். அழுக்கு வீட்டைவிட்டு விலகிப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் வடிகாலும் குழாயும் மதிலோரம் இருந்தன. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்க அலுப்பு. ஒரு கறைதானே என்று அங்கேயே உட்கார்ந்து, கதவைப் பார்த்துத் தேய்த்தேன். அந்தச் சோம்பலை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மணி 2.10. கறை எடுக்கும் மருந்தைக் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தேன். முரண்டு பிடித்துத்தான் போனது. கழுவிவிட்டு நிமிர்ந்தேன்.

அடுத்த கல்லில் அதே கறை... அதே அளவு.

தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் தளத்தின் சரிவு மதிலைப் பார்த்து. தண்ணீர் முழுக்க எனக்குப் பின்னால் வடிந்துகொண்டிருந்தது. கறை மட்டும் மேடேறியிருந்தது.

அதையும் தேய்த்தேன். அடுத்த கல்லுக்குப் போனது. பாதியில் விட்டுவிட்டுப் போனால் பேர் கெட்டுவிடும் என்று எனக்கு வீம்பு. போகப் போகக் கறை சுலபமாக விட்டது. ஆறாவது கல்லுக்கு மருந்தே தேவைப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மணி 4.20. ஒன்பதாவது கல். கை கடுத்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

சர்ர்க்... சர்ர்க்...

தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை.

கல்லுக்கு அடியிலிருந்து வந்தது...

முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று வெறிபிடித்தவன் மாதிரி தேய்த்தேன்.

பத்து.

உள்ளே சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது.

பதினொன்று.

போய்விட்டது.

மணி 7.15க்கு அந்தப் பெண் போன் செய்தாள்.

“வெளிய பளிச்சுன்னு இருக்கு அண்ணா. ஆனா உள்ள, கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கறை. மத்தியானம் இல்லையே...”

“பையன் எங்க?”

“தூங்குறான்.”

“தூக்கிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிடும்மா. ஏன்னு கேக்காத.”

என் குரல் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். போய்விட்டாள்.

தப்பு என்னுடையது. அதனால் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை முறைப்படி, உள்ளிருந்து வெளியே தேய்க்கிறேன். மூன்று வருஷம் ஆயிற்று. வருஷத்துக்கு ஒரு கல்தான் நகர்கிறது. அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க என்ன தேய்த்தாலும் அசையாது. அந்தப் பெண் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது.

போன மாதம்தான் அந்த வீட்டை அவளுக்கு விற்றவரைக் கண்டுபிடித்து, நடந்ததைச் சொன்னேன்.

“எங்கப்பாவுக்கும் அப்படித்தான்,” என்றார். “வருஷத்துக்கு ஒரு கல். மதிலுக்குக் கொண்டுபோகப் பதினோரு வருஷம் ஆச்சு.”

“மொதல்ல எங்க இருந்துச்சு?”

“கதவுக்கு உள்பக்கம், என் தம்பியோட தொட்டிலுக்கு அடியில.”

“தம்பி இப்ப எங்க இருக்கார்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை.

“கறையைப் பார்த்த அன்னிக்குக் காலைல தொட்டில் மட்டும்தான் இருந்துச்சு.”