சூடேறாத வேன்

எங்கள் மலையில் யார் பழைய வேன் வாங்கினாலும் முதலில் செய்கிற காரியம், இன்ஜினிலிருந்து தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான் அது. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தடுத்து வைக்கும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற வண்டிக்கு அப்படியொரு தடுப்பு எதற்கு? கொதித்து நடுவழியில் நிற்பதற்கா? முப்பது வருஷம் எஸ்டேட் வண்டி ஓட்டியதில் எனக்கு வந்த ஞானம் இது. அதனால் போன அக்டோபரில், சேலத்து டிராவல்ஸ்காரர் ஒருவரிடம் எட்டு சீட் வேன் வாங்கி வந்த மறுநாளே வால்வைக் கழற்றிவிட்டேன்.

வேன் வாங்கச் சொன்னது என் மனைவி. எங்கள் ஒரே மகள் இமாச்சலத்தில் ஒரு மலையூரில் நர்ஸாக இருக்கிறாள். ஜனவரி கடைசியில் அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை, ஆனால் அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவ வர முடியாட்டி, நம்ம ஊட்டையே வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிரலாமுங்க" என்றாள் மனைவி. கருப்பட்டி, மிளகு, காப்பித்தூள், என் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த குழந்தைத் துணி என்று அன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கும் மகளுக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த ஊரில் டாக்ஸி ஓட்டும் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என்னைக் கேட்காமல் முடிவெடுத்தாள் என்பதுதான் என் கோபம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது பொய். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நாலு பேர் விசாரிப்பார்களே, அந்த வெட்கம்தான். டிரைவராகவே வாழ்ந்தவன் டிரைவர் மருமகன் வேண்டாம் என்றதை என் மனைவி சொல்லிக்காட்டாத மாதம் கிடையாது. இந்தத் தடவை அவள் சண்டை போடவில்லை. "பிரசவத்துக்கு நீங்க வராட்டி நான் தனியா ரயிலேறிப் போயிருவேன். அப்புறம் நான் எப்ப வருவேன்னு கேக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். வருகிறேன் என்றேன். வண்டியைத் தயார் பண்ண ரெண்டு வாரம் கேட்டேன்.

ரெண்டு வாரம் ரெண்டு மாதமானது. நாலு டயரும் மாற்றினேன். பேட்டரி புதுசு, பிரேக் புதுசு. பின் சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, மனைவி காலை நீட்டிப் படுக்கப் பலகை அடித்து மெத்தை போட்டேன். பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு. கதவு ரப்பர் கிழியாமல்தான் இருந்தது, அதையும் மாற்றினேன். ஒரு வேலை முடிந்தால் இன்னொன்று கண்ணில் பட்டது. படாதபோது தேடிக் கண்டுபிடித்தேன். "புள்ளையப் பாக்கப் போறமா, வேனுக்குக் கல்யாணம் பண்றமா?" என்று மனைவி கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அங்கே போய் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பேனர் கையில் இருக்கும்வரை அதை யோசிக்க வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் வேனைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, விடிகாலையில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு சேர்வராயன் கோயில் உச்சிக்கு ஓட்டினேன். எங்கள் பக்கத்தில் அதைவிடக் குளிரும் இடம் இல்லை. எதிரே வருகிற ஆள் தெரியாத மூட்டம். மேலே ஏறியபோதும் சூடு காட்டும் ஊசி கால்வாசியைத் தாண்டவில்லை. "பாத்தியா, இன்ஜின் எவ்வளவு கூலா இருக்குது!" என்று பெருமையடித்தேன். திரும்பி இறங்கும்போது அந்தக் கால்வாசியும் படுத்துவிட்டது. ஹீட்டரைத் திருகினேன். ஜன்னலைத் திறந்து வைத்ததுபோல் சில்லென்று காற்று வந்தது. பின்னால் மனைவி கம்பளிக்குள் சுருண்டு, "இங்கயே இப்படின்னா அங்க நான் செத்தே போயிருவனுங்க" என்றாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஹீட்டரைக் குறை சொன்னேன். குழாயை மாற்றினேன், ஃபேனை மாற்றினேன். காற்று பலமாக வந்தது, அதுவும் சில்லென்றுதான் வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏனுங்ணா, நம்மூர்ல ஹீட்டரை யாருங்க போட்டாங்க? ஏசின்னா கேளுங்க, சொல்றேன்" என்றார். மலை முழுக்க விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி பிறந்துவிட்டது. ஒரு மத்தியானம் நான் வேனுக்கு அடியில் படுத்திருந்தபோது மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மகளிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் ஆண்குரல் வந்தது. "ஹீட்டர்ல சூடு வரலீங்களா, அத்தை? ஊசி எங்க நிக்குதுங்க?" மருமகன். மகள் கற்றுக்கொடுத்த எங்கள் ஊர்த் தமிழ். மரியாதைக்குப் போடும் 'ங்க' எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது.

"ஊசி ஏறவே இல்லைன்னு சொல்லு" என்றேன் அடியிலிருந்து.

"தெர்மோஸ்டாட் வால்வு இருக்குதுங்களா?" என்று கேட்டது குரல்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். ஹீட்டருக்குச் சூடு இன்ஜின் தண்ணீரிலிருந்துதான் வரவேண்டும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. தண்ணீரை ஓடவிட்டு இன்ஜினைச் சூடாகவே விடாமல் செய்தவன் நான். "கழட்டியாச்சுன்னு சொல்லு" என்றேன். "வால்வும் கீல்வும் எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்க" என்று மனைவி போனைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். "வால்வ நாந்தானுங்க கழட்டினேன்" என்றேன். என்னைவிடச் சின்னவனிடம், அதுவும் அவனிடம், என் வாயில் 'ங்க' வந்தது.

அவன் சிரிக்கவில்லை. வால்வு இல்லாமல் அங்கே ஹீட்டர் வேலைக்கு ஆகாது என்றான். ரேடியேட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டான். வெறும் பச்சைத் தண்ணீர் என்றேன். "ராத்திரியில ஐஸாயிருமுங்க மாமா, இன்ஜினே வெடிச்சிரும். கூலன்ட் ஊத்துங்க" என்றான். எந்தக் கூலன்ட், எத்தனை பங்கு தண்ணீர் என்று நிதானமாகச் சொன்னான். நான் பழைய டயர் மேல் உட்கார்ந்து ரெண்டாவது தடவையும் கேட்டு எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும், "எப்பங்க கிளம்பறீங்க?" என்றான்.

ரெண்டு மாதமாக நான் பதில் சொல்லாத கேள்வி அது. மாற்ற வேண்டியது வேறு எதுவும் மிச்சமில்லை.

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

போனில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவன் இல்லை. அவ்வளவு நேரமும் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வரவில்லை. "சளி புடிச்சிருக்குதா, கண்ணு?" என்றுதான் வந்தது.

"இல்லீங்கப்பா" என்றாள்.