பிள்ளைத்தாச்சி இறங்கும் பாலம்

வாளியின் மூடியைத் திறந்து பார்க்காமல் கண்டக்டர் அப்பளசாமி டிக்கெட் கிழிப்பதில்லை. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் மாலை பஸ்ஸில் எந்தத் தூண்டில்காரர் ஏறினாலும் முதலில் வாளி, பிறகுதான் ஆள். உள்ளே ஆற்று இறால்கள் மீசையை ஆட்டிக்கொண்டு கிடக்கும். நீலக் கொடுக்குள்ள ஆண் இறால் என்றால், "நல்ல சாமான்லா" என்று மூடிவிடுவார். வயிற்றடியில் முட்டைக் கொத்தோடு ஒன்று தென்பட்டால் தீர்ந்தது கதை. "இந்தம்மா பாலத்துல எறங்குது" என்பார்.

வயது நாற்பத்தாறு. காக்கிச் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தூண்டில் நரம்புச் சுருள். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் தமிழ், வாளிக்காரரோடு வாக்குவாதம் முற்றினால் மலாய். டிக்கெட்டில் துளை போடும் இடுக்கியால் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினால் பஸ் கிளம்ப வேண்டும். ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அவருக்கும் டிரைவர் செல்லையாவுக்கும் இடையில் நடக்கும் பேச்சில் பாதி இந்தத் தட்டுகள்தான். மீதி சண்டை.

ஏதோ சாமியார் என்று நினைத்துவிட வேண்டாம். இறால் தலையை உறிஞ்சிச் சாப்பிடுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. லீவு நாளில் எங்கே தூண்டில் போட்டார் என்று கேட்டால் மனைவி காளியம்மாவிடம்கூடப் பொய்தான் சொல்வார். போதாததற்கு, ஒரு காலத்தில் முட்டை இறாலாகத் தேடிப் பிடித்துச் சுட்டுத் தின்றவரும் இவரேதான்.

அதை மாற்றியவர் ஒரு பயணி. நாலு வருஷத்துக்கு முன்பு, 1980 கடைசியில், மீன்வள இலாகா அதிகாரி ஒருவர் ஜீப் பழுதாகி இந்த பஸ்ஸில் ஏறினார். முட்டை பொரியும் காலத்தில் தாய் இறால் ஆற்றோடு இறங்கிக் கழிமுகத்து உப்புத் தண்ணீருக்குப் போகும், குஞ்சுகள் அங்கேதான் பிழைக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் நல்ல தண்ணீரைத் தேடி மேலே ஏறி வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பளசாமி டிக்கெட் கொடுக்க மறந்து நின்றார். "அப்ப அதுக்கும் கோலா சிலாங்கூர்தான் கடைசி ஸ்டாப்பா சார்?" என்று கேட்டார். தாம் தின்ற முட்டை இறால்களை நினைத்து அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டச் சாலை ஆற்றை ஒட்டி வரும் கடைசி இடம் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் இருபுறமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம்தான். அங்கே பஸ் நிறுத்தம் கிடையாது. ஆனாலும் பஸ் நிற்கும். அப்பளசாமி வாளியோடு கரையில் இறங்குவார். வீச மாட்டார். இறாலை இரு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, அது வாலை உதறிக்கொண்டு போகும்வரை குந்தியிருப்பார். முணுமுணுப்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறார்: "பிள்ளத்தாச்சி ஏறுனா எந்திரிச்சு எடம் குடுக்கிறீங்கள்ல? இதுக்கு மூணு நிமிசம் குடுங்க."

அந்த மூன்று நிமிடம்தான் வம்பாகிவிட்டது. இதனால் கோலா சிலாங்கூரில் கிள்ளான் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவர் புகார் எழுத, கம்பெனி இன்ஸ்பெக்டர் நாராயணசாமி கடிதம் அனுப்பினார். போன மாதம் இரண்டாவது கடிதமும் வந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அந்த பஸ்ஸை விட்டால் அப்பளசாமிக்கு வேறு உலகம் கிடையாது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடுகிறது.

போன வியாழக்கிழமை முன் இருக்கையில் நாராயணசாமியே கைக்கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். நாலாவது ஸ்டாப்பில் லீலாவதி ஏறினார். தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குபவர். வேலை முடிந்ததும் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அன்று வாளியை முந்தானையால் மூடியிருந்தார்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே. தெறக்காதீங்க."

அப்பளசாமி திறந்தார். இரண்டு முட்டை இறால்கள். முட்டை ஆரஞ்சு நிறமாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று பொருள். இவை சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. இன்றோ நாளையோ பொரிந்துவிடும்.

"பாக்காத மாதிரி போங்கண்ணே" என்று லீலாவதி கிசுகிசுத்தார். "அந்த ஆளு முன்னாலயே குந்தியிருக்காரு. நான் கோலா சிலாங்கூர்ல எறங்கி விட்டுர்றேன்."

"அது வரைக்கும் தாங்காது லீலா. ஒண்ணு இப்பவே சாஞ்சு கெடக்குது பாரு."

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றார். இடுக்கி கையிலேயே இருந்தது. சட்டைப் பையில் நரம்புச் சுருளுக்கு அடியில் அந்த இரண்டு கடிதங்களும் இருந்தன. பாலத்துக்கு முன்னால் வரும் வளைவு தெரிந்தது. ஒரே ஒரு நாள் தட்டாமல் விட்டால் ஆறு வற்றிவிடாது என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

அப்போதுதான் பஸ்ஸின் வேகம் குறைவதைக் கவனித்தார். இன்னும் யாரும் தட்டவில்லை. டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியில் செல்லையாவின் கண்கள் தெரிந்தன. "ஒன் எறாலுக்கு நான் டிரைவரா?" என்று நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டே பிரேக் போட்ட மனிதர், இன்று சத்தமில்லாமல் தாமாகவே கியரைக் குறைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது அவருக்கு. நாராயணசாமி நோட்டைத் திறந்து டிரைவரை ஏறிட்டுப் பார்த்தார்.

நோட்டில் செல்லையாவின் பெயர் ஏறுவதற்குள் அப்பளசாமி நிற்பவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். இன்ஸ்பெக்டரின் தலைக்கு நேர் மேலே இருந்த கம்பியில், பஸ் முழுக்கக் கேட்கும்படி, ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.