பதிமூன்றுக்கு மேல்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் அவரை எங்கள் அலுவலகத்தில் ‘மீதிக்காரர்’ என்போம். மீட்டரில் தெரியும் எண்ணை எந்த எண் மீதியில்லாமல் வகுக்கும் என்று பார்க்காமல் அடுத்த வீட்டுக்கு நகரமாட்டார். பதிமூன்று வரை மனக்கணக்கு. அதற்கு மேல் என்றால் வீட்டுக்குப் போன் போடுவார். மனைவி பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுவார். பிள்ளையில்லாத வீட்டில் இருபத்தாறு வருடம் இதுதான் பேச்சு.

மனைவி இறந்த ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். அழவில்லை. அதற்கும் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், பேசட்டும். அன்று நானும் கூடப் போனேன்.

முதல் வீட்டு மீட்டரில் 30031. இரண்டால் வகுத்தார், மீதி ஒன்று. மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று, எதால் வகுத்தாலும் அதே ஒன்றுதான் மிஞ்சியது. ஐம்பத்தொன்பதால் சரியாக வகுபடும் என்பதை நானே பிறகு உட்கார்ந்து போட்டுத்தான் கண்டுபிடித்தேன். அவர் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“என்னங்க, மீட்டர்ல கோளாறா?” என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

“இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. இதுக்கு மேல எங்க வீட்டுல பாப்பாங்க.”