முகவரிப் பட்டியலில் இல்லாத அக்கா

அந்த ஊரில் பாதி அடுக்குமாடிக் காவலாளிகளுக்கு அவரை 'லிஃப்ட் சார்' என்றுதான் தெரியும். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது அவர் வேலை. இருபத்தாறு வருடங்களாக அதையேதான் செய்கிறார். கூண்டின் கூரை மேல் ஏறி நின்று, இரும்பு வடத்தைக் கையால் தடவிப் பார்த்தே ஓர் இழை விட்டுப்போயிருப்பதைச் சொல்லிவிடுவார். "நல்லாத்தானே சார் ஓடுது?" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் கெஞ்சினால், "ஓடுறது எனக்கும் தெரியுது. நிக்குமான்னுதான் பார்க்க வந்தேன்" என்பார்.

அவருடைய பழைய லேப்டாப்புக்கு வயது ஒன்பது. பேட்டரி உப்பி, விசைப்பலகையே ஒரு பக்கம் மேடாகிவிட்டது. மனைவி பலமுறை சொல்லியும் கேட்காதவர், ஒருநாள் பாதி அறிக்கையில் அது அணைந்துபோன பிறகுதான் புதிது வாங்கினார்.

வாங்கியதும் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டார். எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லையே! பிரவுசர் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். அறிக்கை எழுத ஓர் இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். அவருடைய படிவத்தில் பதினான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் அடுத்த பக்கத்துக்கு ஓடியது. இரண்டு நாள் மல்லுக்கட்டி, ஓரங்களைக் குறுக்கி, அதை வழிக்குக் கொண்டுவந்தார். பாஸ்வேர்டுகளைக் காப்பதற்கு ஒரு செயலி, கோப்புகளை இணையத்தில் பத்திரப்படுத்த ஒரு சேவை. அந்தச் சேவையின் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உட்கார்ந்து படித்தார்.

"உலகத்திலேயே இதை முழுசா படிச்ச ஒரே மனுஷன் நீங்கதான்" என்றாள் மனைவி. "வந்திருக்கிறது லேப்டாப்பா, புது மருமகளா? இப்படிச் சுத்திச் சுத்தி வர்றீங்க."

"ஒருதடவை ஒழுங்கா செஞ்சிட்டா பத்து வருஷத்துக்குத் தொல்லை இல்லை."

கடைசியாக மின்னஞ்சல். பழைய கணக்கு விளம்பரக் குப்பையால் நிரம்பி வழிந்தது. திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். புதிய சேவை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பழைய முகவரிப் பட்டியலை அப்படியே அதற்கு மாற்றினார். பட்டியலில் நாற்பத்து மூன்று பேர். எல்லோருக்கும் 'என் முகவரி மாறிவிட்டது' என்று எழுதினார். உதிரிபாகக் கிடங்கு, கண் மருத்துவர், வங்கி, ஒரே ஒருமுறை குழாய் சரிசெய்ய வந்தவர் வரை யாரும் விட்டுப்போகவில்லை. பிறகு பழைய கணக்கை மூடச் சொன்னார். 'எல்லாம் அழிந்துவிடும், உறுதியா?' என்று திரை இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்றார். முப்பது நாள் அவகாசம் தந்தார்கள். அந்த முப்பது நாளும் அவர் புதுக் கணக்கில் கோப்புறைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.

பட்டியலில் அக்கா இல்லை.

அக்கா ஆறு மணி நேரப் பயணத் தொலைவில், வேறொரு ஊரில் தனியாக இருந்தாள். கண்ணாடிப் பாட்டில் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் இரண்டு காதும் போய்விட்டன. தொலைபேசி அவளுக்கு உதவாது. செல்பேசியின் சின்னத் திரையும் பிடிக்காது. மகள் வாங்கித் தந்த கணினியில் மின்னஞ்சல் மட்டும் எழுதுவாள், இரண்டு மாதத்துக்கு ஒன்று. எழுதினால் முழநீளம். மாடி வீட்டுக்காரர் கிளிக்குத் தும்மல் சொல்லிக் கொடுத்த கதை, பேருந்தில் இருவர் போட்ட சண்டையை உதட்டசைவை வைத்தே தெரிந்துகொண்ட கதை. கடைசி வரி மட்டும் மாறாது: 'உன் முழங்கால் எப்படி இருக்கிறது?'

தம்பியின் பதிலும் மாறாது. 'நலம். வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.'

அவள் எழுதத் தொடங்கிய இந்தப் பதினோரு வருடத்தில் அவர் தானாக அக்காவுக்கு ஒரு கடிதம்கூடத் தொடங்கியதில்லை. அவள் கடிதம் வரும், அதன் அடியிலேயே பதில் போடுவார். அதனால் அவள் முகவரியைச் சேமித்துவைக்கும் தேவையே வரவில்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் மனைவி கேட்டாள். "உங்க அக்காகிட்டேர்ந்து ஒண்ணும் வரலையா? கிளிக்கு அப்புறம் என்னாச்சுன்னே தெரியலை."

"எழுதுவா. எங்க போகப் போறா?"

முகத்தில் சோப்பு நுரையோடு, கண்ணாடியைப் பார்த்தபடி அதைச் சொன்னார். சவரம் முடிவதற்குள் மறந்தும் போனார்.

எட்டாவது மாதம் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, அம்மாவுக்கு பக்கவாதம். ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். உயிருக்குப் பயமில்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா வலது கை வரலை." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேட்கணும். அம்மா மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?"

"கோபமா? எனக்கா? ஏம்மா இப்படிக் கேட்கிறே?"

"அவங்க கம்ப்யூட்டரைப் பார்த்தேன். உங்களுக்கு எழுதின நாலு லெட்டரும் திரும்பி வந்திருக்கு. இப்படி ஒரு விலாசமே இல்லைன்னு."

அன்று இரவே அவர் ரயிலேறினார்.

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் அந்த நான்கு கடிதங்களையும் அச்செடுத்துக் கையில் கொடுத்தாள் அக்கா மகள். முதலாவதில் கிளிக் கதையின் மிச்சம். இரண்டாவதில், 'ஏதோ கோளாறு போல, மறுபடி அனுப்புகிறேன்.' மூன்றாவது சின்னது. 'போனதடவை உன் வேலையைக் கேலி பண்ணி எழுதினேனே, அதில் மனத்தாங்கலா? நான் சும்மா சிரிப்பதற்காக எழுதினது.'

நான்காவது, அவள் விழுவதற்கு ஒன்பது நாள் முன்பு எழுதியது.

'இது உனக்கு வராது என்று தெரியும். யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருக்கிறது. இரண்டு நாளாக வலது கை அவ்வப்போது மரத்துப் போகிறது, டம்ளர் நழுவுகிறது. மகளிடம் சொன்னால் பதறுவாள். ஒரு சின்னச் சத்தம் கேட்டாலே லிஃப்டை நிறுத்துகிற ஆள் நீ. நீ என்ன சொல்வாய்? காட்டலாமா, பொறுத்துப் பார்க்கலாமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?'

அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அன்னைக்கே போகச் சொல்லியிருப்பேம்மா" என்றார். "அந்த நிமிஷமே கிளம்புன்னு சொல்லியிருப்பேன்." அக்கா மகள் அவரை உள்ளே அழைத்துப் போனாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அக்கா அவரைக் கண்டதும் இடது கையை நீட்டினாள். கணக்கை மாற்றியதையும், மூடியதையும், நாற்பத்து மூன்று பேர் பட்டியலில் அவள் இல்லாமல் போனதையும் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். அவள் பொறுமையாகப் படித்தாள்.

"நாற்பத்து மூணு பேருக்கு சொன்னியா?" என்றாள், வாய் கொஞ்சம் கோணியபடி.

தலையாட்டினார்.

"சரி விடு. நான்தான் ரொம்ப எழுதுவேன்."

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னது அவரை இன்னும் வதைத்தது.

ஊர் திரும்பியதும் பழைய மின்னஞ்சல் சேவையின் உதவிப் பிரிவுக்கு எழுதினார். ஒருமுறை இல்லை, ஐந்து முறை. அழிந்தது அழிந்ததுதான், மீட்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அக்காவின் கணினியில் அவள் அனுப்பியவை இருக்குமே என்று அவள் மகளைத் தேடச் சொன்னார். அங்கும் இல்லை. பெட்டி நிரம்பிவிட்டது, என்ன செய்வது என்று அக்கா எப்போதோ கேட்டிருக்கிறாள். 'பழையதை அழித்துவிடு' என்று இவரே ஒரு வரி பதில் போட்டிருக்கிறார். பதினோரு வருடக் கடிதங்களில் பாதியை அவர் முழுசாகப் படித்ததுகூட இல்லை.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறி அக்காவைப் பார்க்கப் போகிறார். நடுவில் தினமும் எழுதுகிறார். எந்தக் கட்டடத்தில் எந்தச் செயலாளர் முறைத்தார், எந்தக் காவலாளி தூங்கி வழிந்தார் என்று எல்லாவற்றையும். மகள் வீட்டில் இருக்கும் அக்கா இடது கை விரல் ஒன்றால் தட்டிப் பதில் போடுகிறாள். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறதாம். பெரும்பாலும் 'படித்தேன்' என்று மட்டும் வரும்.

போன வாரம் போனபோது, வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டார். அவருக்கு முழங்கால் அறுவை நடந்த வருடம் அக்கா வரிசையாக நான்கைந்து நீளக் கடிதம் எழுதியிருந்தாள். எதையும் அப்போது அவர் படிக்கவில்லை. அதில் என்ன எழுதினாய் என்று தாளில் எழுதிக் காட்டினார்.

அக்கா தாளை வாங்கிப் படித்தாள்.

"யாருக்குடா ஞாபகம்? நீ படுத்திருக்கேன்னு சிரிக்க ஏதாவது எழுதியிருப்பேன்" என்றாள். பிறகு, வெயில் கண்ணில் விழுகிறது, ஜன்னலைக் கொஞ்சம் சாத்து என்றாள். அவர் எழுந்து போய்ச் சாத்தினார்.