தாம்பரம் பஸ்ஸில் போன தொடர்கதை

நான் எழுதிய சாகசக் கதைப் புத்தகங்களை எங்கள் வீட்டுப் பரணில் அடுக்கினால் பரண் தாங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். குகை, கோட்டை, கொள்ளைக்கூட்டம், ஆளில்லாத தீவு என்று நான் பிள்ளைகளை அனுப்பி வைக்காத இடமில்லை. நானோ எங்கள் ஊர் படப்பையை விட்டு வெளியே போனதே குறைவு. இத்தனைக்கும் முதல் தொடரிலேயே என் எழுத்துக்கு மூடுவிழா நடக்க இருந்தது.

அறுபதுகளில் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகை அந்தத் தொடரைப் போட்டது. கொள்ளையர் பிடித்துப்போன தம்பியைத் தேடி ஒரு பெண் தனியாகக் காட்டுக்குள் போகிற கதை. தபால் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. அதனால் வாராவாரம் தாம்பரம் போகும் காலை பஸ் கண்டக்டரிடம் கதைக் கவரைக் கொடுத்துவிடுவேன். தாம்பரத்தில் பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் மருந்து, சாவி, பலகாரத் தூக்கு எல்லாமே அப்படித்தான் போகும்.

ஒரு நாள் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. பத்திரிகை வருவதற்கு முன்பே கதை தாம்பரம் பையன்கள் வாயில் உலவுகிறதாம். தெரிந்த கதையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள், இந்த மாதத்தோடு முடித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். முதல் தொடரே பாதியில் நின்றுபோனவள் என்று பெயர் வாங்கினால், அப்புறம் ஒருத்தரும் என்னைச் சீந்த மாட்டார்கள்.

மறுநாள் காலை கண்டக்டரைப் பிடித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி விழிப்பார் என்று நினைத்தேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நான்தாம்மா பிரிச்சிப் படிக்கிறேன். பசங்களுக்கு அத்தச் சொல்றேன். கதை வேணும்னா உள்ள வந்து குந்துன்னா, படிக்கட்டுல ஒருத்தன் தொங்கறதில்ல. இதுல இன்னா தப்பு கீது?"

தாம்பரம் ஹைஸ்கூலுக்குப் போகும் பையன்கள் படிக்கட்டில் தொங்குவதைப் பார்த்து நானே பயந்ததுண்டு. அதனால் திட்ட வந்த வாய் பாதியில் நின்றது. கோபம் மட்டும் நிற்கவில்லை, அதை ஆசிரியர் பக்கம் திருப்பிவிட்டேன். நீங்களே ஒரு நாள் வந்து அந்த பஸ்ஸில் போய்ப் பாருங்கள், அப்புறம் நிறுத்துங்கள் என்று சுருக்கென்று எழுதிப் போட்டேன்.

அவர் வந்தேவிட்டார். அந்த வாரக் கதையை என் கையிலிருந்தே வாங்கிப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, பையன்கள் போகும் பஸ்ஸில் ஏறினார். வழியில் மணிமங்கலத்தில் வேலை இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

உள்ளே முக்கால்வாசிப் பையன்கள் கையில் பத்திரிகை இருந்தது. ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. கதைதான் முன்னாடியே தெரிந்துபோகிறதே, ஏன் வாங்குகிறாய் என்று ஒருவனைக் கேட்டார்.

"கண்டக்டரு கதை சொன்னா காட்டுக்குள்ளயே பஸ் வுடுவாரு சார். எது நெசம்னு பாக்க வாங்கித்தான ஆவணும்?"

நான் கண்டக்டரை முறைத்தேன். அவர் டிக்கெட் கிழிப்பதில் மும்முரமானார். இந்த வாரக் கதை எங்கே என்று பையன்கள் பிடுங்கி எடுக்கவே, ஆசிரியரைக் கை காட்டிவிட்டார். அவ்வளவுதான், அத்தனை பேரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். மனிதர் வேண்டாவெறுப்பாகக் கவரைப் பிரித்தார். முதல் பக்கத்தை முணுமுணுத்தார். இரண்டாம் பக்கத்தில் குரல் ஏறியது. கொள்ளைத் தலைவன் பேசும் இடத்தில் அவனாகவே மாறிவிட்டார். கடைசி வரியில் குகை வாசலைப் பாறை அடைத்துக்கொண்டது, பெண் உள்ளே, தம்பி வெளியே. பஸ்ஸில் ஒரு பிள்ளைகூட மூச்சுவிடவில்லை. என் எழுத்து செய்கிற வேலையை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பஸ் மணிமங்கலத்தில் நின்றது. நான் எழுந்தேன். ஆசிரியர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கென்ன சார் தெரியும்? நீங்கதான் இந்த மாசத்தோட நிறுத்திடச் சொல்லிட்டீங்களே" என்று பையன்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு இறங்கினேன்.

உள்ளே ஒரே கூச்சல். கண்டக்டர் விசில் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார். ஜன்னல் வழியாக ஆசிரியரின் தலை வெளியே வந்தது.

"யாரும்மா நிறுத்தச் சொன்னது? நீங்க பாட்டுக்கு எழுதுங்க."