வெள்ளைப் பட்டில் பன்னிரண்டு நட்சத்திரங்கள்

எனக்குக் கைத்தையல் நன்றாக வரும். வராமல் இருந்திருந்தால் அந்த டிசம்பரில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் வந்திருக்காது.

நான் பிறந்தது சிதம்பரத்தில், சாமி கும்பிடுகிற விவசாயக் குடும்பத்தில். காதலித்துக் கட்டிக்கொண்டவர் கடலூர்க்காரர், கிறிஸ்தவர். ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடிந்து, திருப்பாதிரிப்புலியூரில் அவருடைய அம்மாவோடு இருந்தோம். நான் மதம் மாறவில்லை. மாறச் சொல்லி அத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கேட்காததை எல்லாம் சர்ச்சுப் பெண்கள் கண்ணாலேயே கேட்டார்கள். அதனால், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட வீட்டுக்குப் பன்னிரண்டு துணி நட்சத்திரம் தைத்துத் தர வேண்டும் என்று பெண்கள் கூட்டத்தில் சொன்னபோது எனக்கு வீம்பு வந்துவிட்டது. இவர்களில் ஒருத்தியும் தைக்காத மாதிரி தைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. அட்டையில் நட்சத்திரம் வெட்டி, துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, இரண்டு இரண்டாகக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓரமெல்லாம் சிவப்பு நூலால் காஜாத் தையல் போட்டு, கடைசி முனையை மூடுவதற்கு முன் பஞ்சு அடைக்க வேண்டும். தொங்கவிட ஒரு நாடா. எல்லோரும் பழைய சுடிதாரையும் ஜாக்கெட் பிட்டையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதவில்லை.

"பழைய துணி ஏதாவது எடுத்துக்கட்டுமா அத்தை?" என்று கேட்டேன்.

"பரண்ல மூட்டையா கெடக்குது பாரு. எது வேணுமோ எடுத்துக்கம்மா" என்றார். அவர் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த வருஷம்தான் அவருக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரண் பக்கமே அவர் ஏறுவதில்லை.

மூட்டைக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை இருந்தது. உள்ளே, தலையணை உறையில் சுற்றி, ஒரு வெள்ளைப் பட்டுப்புடவை. முந்தானையில் பொடிப்பொடியாக ஜரிகை மாங்காய். எங்கள் வீட்டில் வெள்ளைப் புடவை என்றால் ஒரே அர்த்தம்தான். மாமனார் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் போனபோது யாரோ அத்தைக்குப் போட்ட கோடி என்று முடிவு கட்டிவிட்டேன். பட்டிலா கோடி போடுவார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இவர்கள் வழக்கம் நமக்கென்ன தெரியும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அந்தப் புடவை வீட்டில் இல்லாமல் போவதே நல்லது என்றுகூட நினைத்தேன்.

பையில் அந்துருண்டை கிடந்தது. வேண்டாத துணிக்கு யாராவது அந்துருண்டை போடுவார்களா? அந்தக் கேள்வியும் வந்தது. ஜரிகை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் அதைத் தள்ளிவிட்டேன். இதை இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

முந்தானை மொத்தமும் போயிற்று. அளவு பார்க்க வெட்டியது, வளைந்துபோனது என்று உடம்புப் பக்கத்திலும் பாதிக்கு மேல் துண்டாக்கிவிட்டேன். ஆனால் நட்சத்திரம் அழகாக வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மாங்காய் வருகிற மாதிரி பார்த்து வெட்டியிருந்தேன். அத்தைக்குத் திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று வீட்டில் காட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த சவுக்கு மரத்தில் தொங்கவிட்டார்கள். என்னுடையதைப் பார்த்து இரண்டு பேர், யார் தைத்தது என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் ஒரு நட்சத்திரத்தைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மாங்காயைக் கட்டைவிரலால் தடவினார்.

"இந்தத் துணி ஏதும்மா?"

"பரண்ல மஞ்சப்பையில இருந்துது அத்தை. பழைய வெள்ளைப் பொடவ."

அத்தை பெஞ்சில் உட்கார்ந்தார். "நல்லா தெச்சிருக்க" என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அது அத்தையின் கல்யாணப் புடவை; அவர்களில் மணப்பெண்ணுக்கு வெள்ளைதானாம். கூடத்தில் மாட்டியிருந்த கல்யாண ஃபோட்டோ கறுப்பு வெள்ளை; அதில் என்ன கலரைக் கண்டேன்? செத்தால் அதைக் கட்டித்தான் பெட்டியில் வைக்க வேண்டும் என்று அத்தை சொல்லி வைத்திருந்தாராம். அவர்கள் பக்கத்தில் நிறைய பெண்கள் அப்படி எடுத்து வைப்பார்களாம்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? மூட்டையோட மூட்டையா போட்டு வெச்சா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கத்தினேன். தப்பு செய்தால் எனக்குக் குரல் ஜாஸ்தியாகிவிடும்.

"சாவுக்கு வெச்சிருக்கற பொடவையப் பத்தி வீட்டுக்கு வந்த பொண்ணுகிட்ட எவன் சொல்லுவான்?" என்றார் அவர். பிறகு, மரத்திலிருந்து எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். அத்தை விடவில்லை. "ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாது" என்றார்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. சாப்பாடு எடுத்து வைத்தார், உப்பு சரியா என்று கேட்டார். என் அம்மாவாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார், எனக்கும் மனசு ஆறியிருக்கும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. பஸ் ஏறிச் சிதம்பரம் போய் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"சாவுக்குக் கட்டறதுக்கு உயிரோட இருக்கறப்பவே பொடவ வாங்கறதா? கேக்கவே ஒடம்பு நடுங்குதுடி" என்றார். ஆனாலும் கூட வந்தார். கீழ வீதியில் ஒரு கடையில் வெள்ளைப் பட்டு கேட்டோம். எதற்கு என்று கடைக்காரர் கேட்டபோது, "கல்யாணத்துக்கு" என்று அம்மா பட்டென்று சொல்லிவிட்டார். ஜரிகை மாங்காய் கிடைக்கவில்லை, பூதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் புடவை முனையில் மஞ்சள் தடவிக் கொடுத்தார். எதற்கான புடவை என்று ஞாபகம் வந்ததும் கையைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

நான் கடலூர் திரும்பிக் கொடுத்ததும், அத்தை கட்டிலில் உட்கார்ந்து புடவையைப் பிரித்தார். மஞ்சளைப் பார்த்தார். "அம்மா வெச்சாங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். "இருக்கட்டும்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்: "இத ஒங்க மாமா பாத்ததே இல்லியேம்மா. இதுல போனா அவருக்கு என்னைய அடையாளம் தெரியுமா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டார். என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். சர்ச்சில் அத்தனை பேர் இருக்க, ஒரு ஜெபம்கூட முழுசாகத் தெரியாத என்னிடம்.

அவர் புடவையை மடிக்க ஆரம்பித்தார். தனியாக முடியாமல் மறுமுனையை என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"நீயே பீரோல வெச்சுக்க" என்றார். "நீதான் எனக்குக் கட்டிவிடணும். கட்டறப்ப அவருகிட்ட நீயே சொல்லிடு, பழசு என் கையால போச்சு மாமான்னு."

சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"சொல்றேன் அத்தை" என்றேன்.