புள்ளியும் கோடும் போட்ட குப்பை

குருநகர் மேர்சி, கடற்றொழிலாளர் சங்கத்தில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கனடாவில் இருக்கிற தம்பி சுபாஸ் விட்டுப்போன அப்பிள் மடிக்கணினியில், மாதா கோயில் பங்குச் சனத்தின் பழைய படங்களை ஸ்கேன் செய்து சேர்ப்பதே பிறகு அவருக்கு வேலையாயிற்று. வீடு வீடாகப் போய்ச் சுவரில் தொங்கிய படங்களைக் கழற்றி வாங்கினார். இது ஆர், எந்த வருசம் என்று கேட்டு, கணினியில் ஒவ்வொரு படத்தின் குறிப்புப் பகுதியிலும் எழுதினார். படம் போகிற இடமெல்லாம் பெயரும் கூடவே போகும் என்று மாதாவை நம்புகிற மாதிரி நம்பினார்.

கோயில் திருநாளுக்குக் கண்காட்சி வைக்க முடிவாயிற்று. படங்களைப் பென் டிரைவில் ஏற்றி, பங்குச் சபைச் செயலாளர் சிமியோனிடம் கொடுத்தார். கோயில் அலுவலகத்தில் இருந்தது விண்டோஸ் கணினி. அடுத்த நாள் சிமியோன் போன் எடுத்தார்.

“மேர்சி, உம்மடை பென்னிலை வைரஸ். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலையும் பெயருக்கு முன்னாலை புள்ளியும் கோடும் போட்ட சின்னப் பைல் ஒண்டு. திறந்தால் ஒண்டும் விளங்கேல்லை. அந்தப் பைல் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்.”

“பெரிய உதவி அண்ணை,” என்றார் மேர்சி. மனதார.

கண்காட்சி மண்டபத்துக்குப் போனபோதுதான் பார்த்தார். ஒரு படத்திலும் பெயரில்லை. கணினி காட்டிய திகதியைச் சிமியோன் கீழே அச்சடித்திருந்தார். ஐம்பதுகளில் தாலி கட்டிய சோடிகள்கூடப் போன வியாழக்கிழமைதான் கலியாணம் செய்திருந்தார்கள்.

வீட்டில் மடிக்கணினியைத் திறந்தால் பெயர்கள் அப்படியே இருந்தன. இணையத்தில் தேடியபோதுதான் விசயம் விளங்கிற்று. பென் டிரைவில் ஏறும்போது குறிப்புகள் தனிப் பைல்களாகப் பிரிந்திருக்கின்றன. விண்டோசுக்கு அவை குப்பை. சிமியோன் அள்ளிக் கொட்டியது அவற்றைத்தான். எந்தக் கணினியும் கழற்ற முடியாதபடி, ஆளின் பெயரையே பைலின் பெயராக மாற்றினார். புதிய அட்டைகளை அச்சடித்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்.

அதற்குள் சனம் தன்பாட்டில் பெயர் வைத்துவிட்டது. ஒரு படத்தில் வள்ளத்தருகே நின்ற மனிதருக்கு, அதே பங்கைச் சேர்ந்த அற்புதராணி மாலை போட்டு, மெழுகுதிரியும் கொளுத்தியிருந்தார்.

“எங்கடை மாமா. என்ன வடிவு பாரும்.”

“அக்கா, உவர் அரியாலைச் சண்முகநாதன். மீன் வாங்க வந்து போன வியாபாரி.”

“ஆர் சொன்னது?”

“உங்கடை மாமிதான்.”

“அவவுக்கு வயசு போட்டுது. புருசனையே மறந்திட்டா.”

மேர்சி சிமியோனைப் பார்த்தார்.

“மாலை போட்டாச்சுப் பிள்ளை,” என்றார் அவர். “இனி விடும்.”

மற்றப் படங்களுக்கெல்லாம் மேர்சியின் அட்டைகள் ஏறின. அந்த ஓர் அட்டையை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஞாயிறு பூசையில், சைவராய் வாழ்ந்து செத்த சண்முகநாதனின் படத்தைப் பீடத்தருகே வைத்து, அற்புதராணியின் மாமனார் பெயரால் ஆத்தும இளைப்பாற்றிக்கு மன்றாடினார்கள். மேர்சியும் முழந்தாளிட்டு, உரிய பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.